தளத்தில் தூவிய மணல்

ஆமைச்சாமி அந்த மணல்திட்டுக்கு ஆமை முதுகில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார் என்று கரையில் சொல்வார்கள். ஆமையைக் கேட்டால்தான் உண்மை தெரியும். எனக்குத் தெரிந்தவரை, அவருக்கு அரிசியும் குடிதண்ணீரும் மாசிலாமணியின் வத்தையில்தான் வந்தன. வத்தை என்றால் பாய் கட்டிய சின்னப் படகு. குருவுக்கு நாற்பத்தாறு வயது. சீடன் மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு. ஞானம் பிறந்த தேதி பார்த்து வருவதில்லை. முட்டாள்தனமும் அப்படித்தான்.

அன்று மாசிலாமணி வத்தையைத் திட்டில் ஏற்றிப் போட்டு, அதன் மேல்தளத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். படகு பழசு. மூன்று வருஷமாகத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு வந்து இதே வேலையைச் செய்கிறான். இதே கேள்வியையும் கேட்கிறான்.

"சாமி, மனசு எப்ப ஆறும்?"

"பெயின்ட் எப்பக் காயும்?"

"ரெண்டு நாள்ல காஞ்சிடும்."

"எதுல காயுது?"

"வெயில்லதான்."

"மூடி வச்சா?"

மாசிலாமணி ஓலைக்கொட்டானில் இருந்து ஒரு பிடி பொடிமணலை அள்ளி, ஈரப் பெயின்ட் மேல் தூவினான். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். பெயின்ட் காய்ந்தால் மணல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். தளம் சொரசொரவென்று இருக்கும். அலை ஏறி நனைத்தாலும் கால் பிடித்து நிற்கும்.

"மணல் தாராளமா விழுதே" என்றார் குரு.

"யாரும் வழுக்கிடக் கூடாதுல்ல சாமி. இந்த வருஷம் வத்தையைத் தங்கச்சிக்கே கொடுத்திடப் போறேன். நாளன்னைக்குக் காலையில இங்க வரச் சொல்லியிருக்கேன். கொடுத்துட்டா பாரம் இறங்கிடும்."

"எந்தப் பாரம்?"

"மச்சான் போன பாரந்தான்."

மச்சான் என்றது தங்கை பூங்காவனத்தின் புருஷன் காத்தமுத்துவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவிழாப் படகுப் போட்டியில், இதே தளத்தில் இருந்து விழுந்தான். படகு மரத்தில் தலை மோதியது. கடல் கொண்டுபோய்விட்டது. குடித்துவிட்டு விழுந்தான் என்றது ஊர்.

அந்த ஊரில் திருவிழா முடிகிற சாயங்காலம், கடல் கொண்டவர்கள் பேரைத் தலைவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒரு பேருக்கு ஒரு பூ தண்ணீரில் விடுவார்கள். குடித்துவிட்டு விழுந்தவனுக்குப் பேரும் இல்லை, பூவும் இல்லை. காத்தமுத்துவின் பேர் மூன்று வருஷமாக வாசிக்கப்படவில்லை.

"உன் மச்சான் குடிப்பானா?" என்று கேட்டார் குரு.

"மோர் புளிச்சிருந்தாலே தொடமாட்டான், சாமி."

"ஊர்ல அதைச் சொன்னியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலை."

குரு படகின் நிழலில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு கதை கேளு. ஒருத்தன் தன் படகுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சான். பழசைச் சுரண்டுறதே இல்லை, அது மேலயே அடிப்பான். நூறு பூச்சு ஆச்சு. உள்ள மரம் மக்கி மாவாப் போச்சு. ஆனாலும் படகு மிதந்துச்சு, வெறும் பெயின்ட்லயே."

"வெறும் பெயின்ட் மிதக்குமா சாமி?"

"கதையில மிதக்கும். அந்தத் துறையிலயே அழகான படகு அதுதான்."

"கடைசியில முங்கிடுச்சாக்கும்?"

"முங்கலை. அதான் அவனுக்கு வந்த வினை. ஏறினவனால இறங்கவே முடியலை."

"யாருக்குமே தெரியலையா?"

"கரையில ஒருத்தனுக்குத் தெரியும்."

"அவன் ஏன் வாயைத் திறக்கலை?"

"அவனுக்கு அரிசி அந்தப் படகுலதான் வருது."

மாசிலாமணி கொட்டானைக் கீழே வைத்தான். பிறகு மறுபடியும் எடுத்துத் தூவ ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் காலை, நீர் வற்றிய நேரம் பார்த்து, பூங்காவனம் சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு திட்டுக்கு நடந்தே வந்தாள். புருஷன் போனதில் இருந்து அவள் அந்த வத்தையைத் தொட்டதில்லை.

"ஏறிப் பாரு தாயி. இனி இது உன்னோடது" என்றான் மாசிலாமணி.

வெறுங்காலோடு ஏறினாள். இரண்டடி வைத்தாள். நின்றாள். உள்ளங்காலைத் தளத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள்.

"அண்ணே, மணல் போட்டிருக்கே."

"ஆமா தாயி. இனி யாரும் வழுக்கமாட்டாங்க."

"இனி."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போட்டி அன்னைக்குத் தளம் கண்ணாடியா மின்னிச்சு" என்றாள் பூங்காவனம். "கரையில நின்னு நான்தான் முதல்ல கை தட்டினேன். எங்கண்ணன் படகைப் பாருங்கடின்னு. மணலைச் சுரண்டி எடுத்துட்டியா அண்ணே?"

"மணல் இருந்தா மின்னாது, தாயி."

அவள் குருவிடம் திரும்பினாள்.

"சாமி, உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முத வருஷம் மணலை இப்படி அள்ளித் தூவினானே, அப்பலேர்ந்து."

"நல்ல சாமி" என்றாள். "அரிசி வேளாவேளைக்கு வருதா?"

குரு தலை குனிந்தார்.

பூங்காவனம் இறங்கினாள். "எனக்குப் படகு வேண்டாம். சாயங்காலம் பேர் வாசிக்கிறப்ப ஒரு பூவோட முன்னால நிப்பேன். மூணு வருஷமா அது என் கையிலயேதான் வாடுது. குடிகாரன் பொண்டாட்டிக்குப் பூ எதுக்குன்னு கேக்குறாளுக. நீயும் அங்கதான் நின்னே, அண்ணே. நீயும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னே."

தண்ணீரில் இறங்கி நடந்தாள். முழங்கால் அளவு இருந்தது இடுப்பளவு ஆனது, மறுபடி முழங்கால் அளவு ஆனது. அவள் திரும்பவில்லை.

மாசிலாமணி தளத்திலேயே உட்கார்ந்திருந்தான். நீர் ஏறிக்கொண்டு வந்தது.

"மூணு வருஷம் ஓடிப்போச்சு சாமி. இப்பப் போய்ச் சொன்னா யார் நம்புவா?"

குரு குடிசைக்குள் போனார். இரண்டு நாள் முன்பு வந்து இறங்கிய அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி வந்து, வத்தையில் திரும்பப் போட்டார். பின்பக்கம் போய் வத்தையைத் தண்ணீருக்குத் தள்ளத் தோள் கொடுத்தார்.

"நீ சொல்லாததையே நம்பின ஊருதானே" என்றார்.