நாலாவது உழக்கு

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் அன்னதானக் கூடம் இருந்தது. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் இருநூறு பேர் தினமும் மதியம் அங்கே சாப்பிட்டார்கள். அதை நடத்திய துறவிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடருக்கு அறுபத்திரண்டு. காய்கறி மார்க்கெட்டில் பேரம் பேசியே முன்னுக்கு வந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சமையல்கட்டுப் பொறுப்பை ஏற்றிருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள், குருவும்தான்.

ஒருநாள் மதியம் அண்ணாச்சி மூச்சிரைக்க வந்தார்.

"சாமி, சாம்பார் அம்புட்டும் உப்பு. ஒரு கரண்டி தேறல."

"வந்தவங்க?"

"மோர் ஊத்திச் சமாளிச்சோம். பேச்சியம்மாளைப் போகச் சொல்லிட்டேன். மூட்டை கட்டுறா."

"நாளைக்கு யார் சமைப்பாங்க?"

"ஆளில்ல. மூணு மாசத்துல நாலு பேர் போயாச்சு. சேவைக்குன்னு வந்தவங்க ஏன் சாமி நிக்க மாட்டேங்கிறாங்க?"

குரு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்கு நடந்தார்.

பேச்சியம்மாள் மூட்டையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"எவ்வளவு உப்பும்மா போட்டீங்க?"

"ஒரு உழக்கு. எப்பவும் போல."

"பொய்," என்றார் அண்ணாச்சி. "நாலு உழக்கு. என் நாக்கு தராசு மாதிரி. தப்பாது."

காய் நறுக்கும் மாடத்தி மெல்லச் சொன்னாள். "ஒண்ணு நான் போட்டேன். அக்கா போட்டாங்களான்னு தெரியல."

இலையில் பரிமாறும் முன் யாரும் ருசி பார்ப்பதில்லை. அந்தக் கூடத்தின் வழக்கம் அது.

"கேட்டிருக்கலாமே?" என்றார் குரு.

"அடுப்படியில பேச்சுச் சத்தம் வந்தா அண்ணாச்சி கரண்டியைத் தூக்கிருவாங்க. உப்பில்லாமப் போனாலும் தூக்குவாங்க."

தண்ணீர் தூக்கும் இசக்கி தலையைச் சொறிந்தார். "நானும் ஒரு உழக்கு போட்டேன் சாமி. அதே பயம்தான்."

அண்ணாச்சி விரல் மடக்கினார். "மூணு ஆச்சு. நாலாவது? பேச்சியம்மா ரெண்டு போட்டிருக்கா. ஒத்துக்கிடட்டும், இங்கேயே இருக்கட்டும்."

"போடாததை எப்படி ஒத்துக்கிட?" பேச்சியம்மாள் மூட்டையை இடுப்பில் ஏற்றினாள்.

"நில்லுங்கம்மா," என்றார் குரு. "அது நான் போட்டது."

"சாமி, அவளுக்காக நீங்க பொய் சொல்லக் கூடாது."

"பொய்யில்ல. காலையில இந்தப் பக்கம் வந்தேன். சாம்பார் கொதிக்குது, பக்கத்துல யாரும் இல்ல. உப்பு போட்டாச்சான்னு தெரியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்கத்தான் அண்ணாச்சி வந்தேன். நீங்க பின்கட்டுல யாரையோ ஏசிக்கிட்டு இருந்தீங்க. எனக்கும் பயமா இருந்துது."

அண்ணாச்சியின் மடக்கிய விரல்கள் அப்படியே நின்றன. பிறகு அவற்றை விரித்து, பேச்சியம்மாளின் மூட்டைக்குக் கை நீட்டினார்.

அவள் விடவில்லை. "நாளைக்கு நான் அடுப்படியில வாய்விட்டுக் கேட்பேன். பேசுவேன். சிரிப்பேன். கரண்டி என் கையிலதான் இருக்கும்."

அண்ணாச்சி பேரம் பேசவில்லை.