கண்மாய்க்குள்ள கேட்ட குரல்

ஒரு காலத்துல, ஒரு சீமையில, சங்கிலின்னு ஒரு குதிரைவீரன் இருந்தான். வீட்டுல பொண்டாட்டி வெள்ளத்தாயி, இடுப்புல ஒரு கைப்பிள்ளை. ராசாவுக்குச் சண்டை வந்திருச்சு, இவனும் குதிரையேறிப் போனான், போயி போயி, தண்ணி வத்திப்போன ஒரு கண்மாய்க்கரையில தளபதி படையைத் தங்க வச்சாரு. கண்மாய்க்குள்ள பூராவும் கருவேலங்காடு. முந்தின சண்டையும் அங்கதான் நடந்துச்சாம்.

முத நாள் பொழுது சாயுது. காட்டுக்குள்ள இருந்து ஒரு கிழவி குரல், "தம்பி, கஞ்சி ஆறுது, வாடா"ன்னு. "எங்காத்தால்ல கூப்பிடுது"ன்னு ஒரு வீரன் எந்திரிச்சுப் போனான். போனவன் போனவன்தான். அவன் குதிரை மட்டும் காட்டைப் பாத்து நடுங்கிக்கிட்டு நிக்குது.

மறுநாள் ஒரு பிள்ளை அழுகுது. "எம்மகதான் அது"ன்னு இன்னொருத்தன் ஓடினான். அவனும் வரல.

மூணாம் நாளு யாருக்குன்னு நினைக்கிறீங்க? சங்கிலிக்குத்தான்.

"சங்கிலி, மோரு கொண்டாந்திருக்கேன், வா."

அச்சு அசல் வெள்ளத்தாயி குரலு. அவ இருமுற இருமல்கூட இருக்கு. இவன் கால் தன்னால நடக்குது. காட்டு விளிம்புக்குப் போயிட்டான், போயி டக்குனு நின்னுட்டான்.

"எம்பொண்டாட்டி ஒருநாளும் எம்பேரைச் சொல்ல மாட்டா. நீ யாரு?"

காத்து நின்னுபோச்சு. அப்புறம் ஒண்ணில்ல, பல ஆம்பளைக் குரலு, தரையில இருந்து வருது.

"போன சண்டையில அடிபட்டு இங்கன கிடந்தோம். உங்க தளபதி தண்ணி கொண்டாறேன்னு சொல்லி எங்க குதிரைகளை ஓட்டிட்டுப் போனாரு. வரவே இல்ல, தாகத்துலயே செத்தோம். ராசாகிட்ட, நாங்க பயந்து ஓடிட்டோம்னு சொல்லிட்டாரு."

"அதுக்கு எங்களை ஏன் கூப்பிடுறீங்க?"

"துணைக்கு. உங்க நெஞ்சுக்குள்ள யார் குரல் கிடக்கோ, அந்தக் குரல்ல கூப்பிடுவோம்."

"தளபதியைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"அவரு நெஞ்சுல தாய் குரலும் இல்ல, பிள்ளை குரலும் இல்ல. துழாவிப் பாத்துட்டோம்."

சங்கிலி யோசிச்சான். "அவரு நெஞ்சுல ராசா குரல் இருக்கான்னு பாருங்க. உங்க பேரும் ஊரும் சொல்லுங்க. உங்க வீட்டுல நான் நடந்ததைச் சொல்றேன். இனிமே வேற யாரையும் கூப்பிடக்கூடாது."

ஒவ்வொரு குரலாச் சொல்லிச்சு. இவன் மனசுல வாங்கிக்கிட்டான்.

மறுநாள் பொழுது சாயுது. "தளபதி, உமக்குப் பட்டம் கட்டணும், வாரும்"னு காட்டுக்குள்ள ராசா குரலு. தளபதி தலைப்பாகையைச் சரிபண்ணிக்கிட்டு, மீசையைத் தடவிக்கிட்டு, சிரிச்ச முகமா உள்ள போனாரு. "வந்துட்டேன் ராசா"ன்னு ஒருதடவ கேட்டுச்சு. இன்னும் தள்ளி ஒருதடவ. அதுக்கும் தள்ளி, கொசு ரீங்காரமாட்டம் ஒருதடவ. அவ்வளவுதான். அப்புறம் அந்தக் காடு யாரையும் கூப்பிடல.

சண்டை முடிஞ்சுது. சங்கிலி வீட்டுக்குப் போகணும்னு தவிச்சான், ஆனா சொன்ன சொல் இருக்கே? ஒவ்வொரு ஊரா குதிரையைத் திருப்பினான். "உங்க ஆளு ஓடிப்போகல"ன்னு சொன்னான். ஒரு வீட்டுல அழுதாங்க, ஒரு வீட்டுல அவன் காலைத் தொட்டாங்க, ஒரு வீட்டுல தலைகுனிஞ்சே கிடந்த அண்ணன்காரன் நிமிந்து தெருவைப் பாத்தான்.

கடைசி வீட்டுல ஒரு ஆத்தா அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா.

"ஆத்தா, உங்க மகன் முத்திருளன் ஓடிப்போகல. சண்டையிலதான் செத்தான்."

அவ கை நிக்கல. புடைச்சுக்கிட்டே சொன்னா, "ஓடிட்டான்னு ஊரே காறித் துப்புச்சு. துப்பட்டும், எங்கயோ உசுரோட இருக்கான்ல, அது போதும்னு இருந்தேன்யா."

 புடைச்சு முடிச்சு முறத்தை வச்சுட்டு எந்திரிச்சா.

"ரொம்ப தூரம் வந்திருக்கே. ஒரு வாய் தின்னுட்டுப் போ."

மகனோட வட்டிலைக் கழுவி, அதுல சோறு போட்டு வச்சா. அவன் தின்னான். அவன் தின்னு முடிக்குற மட்டும் அவ பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. அப்புறம்தான் அவன் வெள்ளத்தாயிகிட்டப் போனான்.

அவன் குதிரையைக் கட்டிட்டான். நானும் கதையைக் கட்டிட்டேன், தூங்குங்க.