பிள்ளை எடை நெல்

கிட்ட வாங்க, கிட்ட வாங்க. நடுநடுவுல 'உம்' கொட்டணும். கொட்டாதவங்களுக்குக் கதை பாதியோட நின்னுபோகும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

மலைக்கு அந்தப் பக்கம், கடலுக்கு இந்தப் பக்கம், கொப்பரைக்கோட்டை கொப்பரைக்கோட்டைன்னு ஒரு ஊர். அந்த ஊர்ல கொண்டல்சாமின்னு ஒருத்தன் இருந்தான். அவன் பெண்டாட்டி வெயிலாட்சி. அவங்களுக்கு ஒரே ஒரு பொண்ணு, பூவரசி. இந்தா, இவ உசரம்தான் இருப்பா, இவளை மாதிரியே வாயை மூட மாட்டா.

கொண்டல்சாமி சோம்பேறின்னா உங்க வீட்டுச் சோம்பேறி, எங்க வீட்டுச் சோம்பேறி இல்லை. மூக்குல ஈ உட்கார்ந்தாக்கூடக் கையைத் தூக்க மாட்டான். "ஏட்டி வெயிலாட்சி, ஈ உக்காந்திருக்கு"ன்னு கத்துவான். அவ வயல்ல நாத்தைப் போட்டுட்டு ஓடி வந்து ஈயை ஓட்டணும், ஓட்டிட்டு மறுபடி வயலுக்குப் போகணும், அவ போனதும் ஈ திரும்பி வரும், இவனும் திரும்பிக் கத்துவான். ஒருநாள் அப்படித்தான் கத்தினான், அவளும் வந்தா. வந்தவ ஈயை ஓட்டலை. கூரையிலேர்ந்து ஒரு துரும்பை உருவினா.

"இந்தாரும், இந்த முனையைப் பிடியும்."

"எதுக்குட்டி?"

"பிடியும், சொல்லுதேன்."

பிடிச்சான். இந்த முனையை அவ பிடிச்சு டப்புன்னு கிள்ளிட்டா. அந்த ஊர் வழக்கத்துல துரும்பு கிள்ளியாச்சுன்னா புருசன் பெண்டாட்டி உறவு தீர்ந்துபோச்சு.

"ஈயை இனிமே நீரே ஓட்டிக்கிடும்"னு சொல்லிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா.

அப்புறம் என்ன, சொத்தைப் பிரிக்கணுமே! ரெண்டு பேரும் ராசாகிட்டப் போனாங்க. ராசா பேரு தொந்தியப்ப ராசா. அவர் தொந்தி அரண்மனைக்குள்ள நுழைஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவர் நுழைவார். சிரிக்காதே, என் பாட்டனுக்குப் பாட்டன் நேர்ல பார்த்தது.

"பங்கைச் சொல்லுப்பா"ன்னார் ராசா.

கொண்டல்சாமி, "மகாராசா, மாடு எனக்கு, சாணி அவளுக்கு"ன்னான்.

"சரி"ன்னா வெயிலாட்சி.

"மாமரம் எனக்கு, சருகு அவளுக்கு."

"சரி"ன்னா.

"வீடு எனக்கு, மழைக்கு ஒழுகுற தண்ணி அவளுக்கு."

அதுக்கும் "சரி"ன்னா.

ராசாவுக்கு ஒரே சந்தோசம். இவ்வளவு லேசான வழக்கு அவர் ஆயுசுல வந்ததில்லை. "வயல்?"னு கேட்டார். "அதுவும் எனக்கு. களையெடுக்க வேணும்னா அவ வந்துக்கிடட்டும்"னான்.

"சரி மகாராசா. எல்லாத்தையும் அவரே வெச்சுக்கிடட்டும். எனக்குப் பிள்ளை போதும்"னு சொன்னா வெயிலாட்சி.

அதைக் கேட்டதும் கொண்டல்சாமி தன் வாழ்நாள்லயே முதல் தடவையா விசுக்குன்னு எந்திரிச்சான். "அதெப்படி? பிள்ளையும் எனக்குத்தான்!"

ஏன் தெரியுமா? பாசம்னு நினைச்சீங்களா? கேளுங்க. அந்த ஊர்ல இன்னொரு வழக்கம் உண்டு. துரும்பு கிள்ளின வீட்டுப் பிள்ளையை அரண்மனைத் தராசுல ஒரு தட்டுல உட்கார வைப்பாங்க, மறு தட்டுல நெல்லைக் கொட்டுவாங்க. பிள்ளை எவ்வளவு எடையோ, மாசாமாசம் அவ்வளவு நெல்லைப் பிள்ளையை வெச்சிருக்கிற ஆளுக்கு மத்த ஆள் கொடுக்கணும். அதுக்குப் பேரு பிள்ளை எடை நெல். பிள்ளை யாருக்கு? அங்கதான் சூட்சுமம். தராசுலேர்ந்து எடுத்த பிள்ளையோட கால் தரையில படாம, தன் வாசல் வரைக்கும் யார் தூக்கிட்டுப் போறாங்களோ அவங்களுக்கு. ஆளுக்கு ஒரு வாய்ப்பு.

'பிள்ளை வந்தா நெல்லு வரும், நெல்லு வந்தாப் படுத்தே சாப்பிடலாம்'னு கொண்டல்சாமி கணக்குப் போட்டான். 'பிள்ளை இன்னும் கனமா இருந்தா?'ன்னு ஒரு யோசனை. படுத்தே கிடக்கிறவனுக்கு யோசனைக்கா பஞ்சம்?

தராசுக்குக் கொண்டுவர வேண்டிய அன்னைக்கு, "பிள்ளையைக் குளிப்பாட்டிப் புதுத்துணி போட்டு நானே கூட்டியாறேன்"னு வாங்கிட்டுப் போனான். பாவாடைக்கு மேல பாவாடை, அதுக்கு மேல ஒரு பாவாடை. மேல் பாவாடைக்கும் நடுப் பாவாடைக்கும் இடையில அம்மிக்குழவி ஒண்ணு, உலக்கைப் பூண் ஒண்ணு, பழைய ஏர்க்கொழு ஒண்ணு, வெச்சுக் கட்டிட்டான். பூவரசி, "அப்பா, இது என்னப்பா?"ன்னு வாயைத் திறந்தா. திறந்த வாய்ல ஒரு எள்ளுருண்டை. "இது என்னப்பா"ன்னு மறுபடி ஆரம்பிச்சா. இன்னொரு எள்ளுருண்டை. அவ கன்னம் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சு. வண்டியில உட்கார வெச்சு, வண்டிப் பலகையிலேர்ந்து அப்படியே தராசுத் தட்டுல சறுக்கி விட்டுட்டான்.

ஒரு மூட்டை நெல் வெச்சாங்க, தட்டு அசையலை. ரெண்டு மூட்டை வெச்சாங்க, அசையலை. மூணு மூட்டை வெச்சதும் தராசு 'ங்ஙே'ன்னு அழுதுக்கிட்டே சமமா நின்னுச்சு. என்னது, பொய்யா? சரி, நீ போய்த் தூங்கு. நம்புறவங்களுக்கு நான் சொல்லுதேன்.

"மாசம் மூணு மூட்டை!"ன்னு தண்டோராக்காரன் தட்டிட்டான். அந்த ஊர்ல தண்டோராப் போட்டது போட்டதுதான், ராசாவே நினைச்சாலும் மாத்த முடியாது.

வெயிலாட்சி மூட்டைகளை எண்ணிப் பார்த்தா. அவகிட்ட ஏது மூணு மூட்டை? பிள்ளையும் போய், நெல்லும் கொடுக்கணுமா?

"யாருப்பா முதல்ல தூக்குறது?"ன்னார் ராசா.

"நான், நான்!"னு கொண்டல்சாமி பாய்ஞ்சு போய்ப் பிள்ளையைக் கட்டிப் பிடிச்சான். தூக்கினான். பிள்ளை வரலை. முக்கினான். முனகினான். மூணாவது தடவை தம் பிடிச்சு இடுப்புக்குக் கொண்டுவந்துட்டான். ஒரு எட்டு வெச்சான், முழங்கால் மடங்குச்சு. இன்னொரு எட்டு வெச்சான், கண்ணு பிதுங்குச்சு. மூணாவது எட்டு வைக்கலை. பொத்துன்னு பிள்ளையைத் தரையில நிறுத்திட்டுத் தானும் பக்கத்துல விழுந்து மூச்சு வாங்கினான்.

"ஏம்ப்பா, பெத்த பிள்ளைதானே, முன்னப்பின்ன தூக்கினதே இல்லையா?"ன்னார் ராசா. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு.

அடுத்து வெயிலாட்சி. பிள்ளையை மறுபடி தட்டுல ஏத்தி விட்டாங்க. அவ பிள்ளையை இடுப்புக்கு இழுத்தா. இழுத்ததும், 'இது என் பிள்ளை கனம் இல்லையே!'ன்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு. தினம் தூக்குறவளாச்சே.

"மகாராசா, பிள்ளையைத் தூக்கணுமா, பாவாடையையும் சேர்த்துத் தூக்கணுமா?"

"வழக்கத்துல பிள்ளைன்னுதாம்மா இருக்கு."

மேல் பாவாடை முடிச்சை அவிழ்த்தா. தொம்முன்னு குழவி விழுந்துச்சு, டங்குன்னு பூண் விழுந்துச்சு, ஏர்க்கொழு நேரா கொண்டல்சாமி கால் கட்டைவிரல்லயே விழுந்துச்சு. "ஐயோ"ன்னு அவன் நொண்டியடிச்சுக் குதிச்சான்.

ராசாவுக்கு முகம் சிவந்துபோச்சு. "இதெல்லாம் என்னடா? என் தராசை ஏமாத்துனியா? ஏமாத்துனவனுக்கு மொட்டையடிச்சுக் கழுதையில ஏத்துறது தெரியுமில்லே?"

கொண்டல்சாமி நொண்டிக்கிட்டே முன்னாடி வந்தான். "இல்லை மகாராசா, இல்லை! அது பிள்ளை விளையாடுற சாமான். பிள்ளை எதை வெச்சு விளையாடுதோ, அது பிள்ளையோட சேர்ந்ததுதானே?"

"அப்படியா?"ன்னு ராசா தொந்தியைத் தடவிக்கிட்டார். "ஓகோ, பிள்ளையோட சேர்ந்ததா? நல்லது. ஏம்மா பூவரசி, வேற எதை வெச்செல்லாம் விளையாடுவே?"

அதுக்குள்ள அந்தப் பிள்ளை எள்ளுருண்டையை முழுங்கிட்டா. வாய் காலியானா விடுவாளா?

"மாட்டோட விளையாடுவேன்."

"மாடு பிள்ளையோட சேர்ந்தது!"ன்னார் ராசா. தண்டோராக்காரன் ஒரு தட்டு தட்டினான்.

"மாமரத்துல ஊஞ்சல் ஆடுவேன்."

"மாமரமும் பிள்ளையோட சேர்ந்தது!" இன்னொரு தட்டு.

"வீடு முழுக்கக் கண்ணாமூச்சி விளையாடுவேன்."

"வீடும்தான்!" மூணாவது தட்டு.

"ஐயையோ, வயலு?"ன்னு கொண்டல்சாமி அலறினான்.

"சீ, வயல்ல சேறு. அங்க நான் விளையாட மாட்டேன்"னு சொல்லிட்டா பூவரசி. வயல் மட்டும் அவனுக்குத் தங்குச்சு.

ராசா எந்திரிக்கப் போனார். "இன்னும் முடியலை"ன்னா பூவரசி. "அப்பாவோடயும் விளையாடுவேன். அப்பா எப்பவும் படுத்தே இருக்குமா, நான் வயித்து மேல ஏறி யானை ஓட்டுவேன்."

கொண்டல்சாமி கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டே தலையைக் குனிஞ்சான். அவன் பிள்ளையை நெல்லா நினைச்சான், பிள்ளை அவனை யானையா நினைச்சிருக்கு.

"அப்போ சட்டப்படி அப்பனும்..."னு ராசா ஆரம்பிச்சார்.

"அது மட்டும் வேண்டாம் மகாராசா! துரும்பு கிள்ளியாச்சு!"ன்னு வெயிலாட்சி கையெடுத்துக் கும்பிட்டா. "வேணும்னா வாரத்துல ஒருநாள் வந்து யானையா இருந்துட்டுப் போகட்டும். சாயந்திரம் விளக்கு வைக்கிறதுக்குள்ள கிளம்பிரணும்."

"அப்படியே ஆகட்டும்"னார் ராசா.

வெயிலாட்சி பிள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சா, பூப்போல இருந்தா. கால் தரையில படாம வீட்டு வாசல் வரைக்கும் நடந்தா. வழியெல்லாம் அந்தப் பிள்ளை வாயை மூடலை.

கொண்டல்சாமி? மாசம் மூணு மூட்டை கொடுக்கணுமே! தண்டோராப் போட்டதை மாத்த முடியாது. குழவி எடை, கொழு எடை எல்லாம் அவனே வெச்ச எடை. வயல் காவல் குடிசையில குடியேறி, விடியுமுன்னே இரவல் மாட்டுல ஏர் பூட்டி, நாத்து நட்டு, களையெடுத்து, அறுத்து, அடிச்சு, மூட்டையைத் தன் தலையிலேயே சுமந்துட்டுப் போய்க் கொடுத்தான். உழும்போது மூக்குல ஈ உட்காரும். அவனே ஓட்டிக்கிடுவான். வாரத்துல ஒருநாள் மட்டும் யானையா இருப்பான். உழைச்சு உழைச்சு வயிறு ஒட்டிப்போச்சா, "அப்பா, யானை இப்போ குதிரையாயிடுச்சு"ன்னு பூவரசி குதிரை ஓட்டினா.

பெத்த பிள்ளையை நெல்லுக்காக எடை போட்டவன், அந்த எடையைத் தானே சுமந்தான். அவ்வளவுதான்.

கொப்பரைக்கோட்டை அங்கே, நாம இங்கே. கேட்ட காதுக்கு எள்ளுருண்டை, கொட்டாவி விட்டவனுக்கு எள்ளு மட்டும். போய்ப் படுங்க.