மணி அடித்த பெட்டி யாருடையது?

உப்பங்கழி நாட்டை முன்னொரு சமயம் ஜெயங்கொண்டான் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஊரார் வைத்த பெயர் ஐயங்கொண்டான். சமையற்காரர் முதலில் சாப்பிட்டுக் காட்டினாலும், "ஏன் இவ்வளவு வேகமாகச் சாப்பிட்டாய்?" என்று கேட்கிற ஆள்.

ஒருநாள் ஏகம்பன் என்ற பிரபு ஒரு மரப்பெட்டியோடு சபைக்கு வந்தார். "மகாராஜா! இதை வண்டி அச்சில் மாட்டினால், சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே துணிச்சுருள் நகரும். பாதையில் திரும்ப வேண்டிய தூரத்துக்கெல்லாம் ஒரு முடிச்சு; அது வரும்போது மணி அடிக்கும். இடது மணிக்கு இடப்பக்கம், வலது மணிக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டியதுதான். அடியேன் மூளையில் உதித்தது. முப்பது வருஷத்துக்கு வேறு யாரும் இதைச் செய்யவோ வைத்திருக்கவோ கூடாதென்று செப்பேடு எழுதித் தாருங்கள்."

"பொய்!" என்று காவலரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் வடிவாச்சி. உப்பு வண்டிகள் செய்கிற தச்சுப்பெண். "போன வருஷம் என் வீட்டுக்காரர் உப்புப் பொட்டலில் வழி தவறி இறந்தார். அதற்கப்புறம் நான் செய்த பெட்டி இது. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று இவர் வாங்கிப்போய், அதேபோல் செய்துகொண்டார். இவருக்குச் செப்பேடு கொடுத்தால் எங்கள் வண்டிக்காரர்கள் எதை நம்பிப் பொட்டலைக் கடப்பார்கள்?"

"சாட்சி உண்டா?"

"இல்லை, ராஜா."

ராஜா இருவரையும் முறைத்தார். பிறகு அமைச்சர் கூத்தரசரையும் முறைத்தார். "இதில் உமக்கு என்ன பங்கு?"

"யாரையும் நம்பாதீர்கள் மகாராஜா, என்னையும் சேர்த்துத்தான். காலையில் தாங்களே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். எது என்று யாருக்கும் சொல்லாதீர்கள். இருவரும் ஒருவர் பின் ஒருவராக அதை அம்மன்கோவிலுக்கு ஓட்டட்டும்."

ராஜாவுக்கு இந்த யோசனை இனித்தது. மறுநாள் ஆளுயரச் சக்கரம் வைத்த திருவிழா வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டார். "கண் திறந்திருந்தால் பாதையைப் பார்த்து ஓட்டிவிடுவீர்" என்று ஏகம்பனின் கண்ணைத் தானே கட்டினார்.

ஏகம்பன் கோவில் பாதைக்கு முடிச்சுப் போட்ட பெட்டியை மாட்டி உற்சாகமாக ஓட்டினார். கோவில் பிரிவு வந்தது. மணி அடிக்கவில்லை. வண்டி அதைத் தாண்டிப் போனபிறகு இடது மணி கணீரென்றது. ஏகம்பன் இடப்பக்கம் இழுத்தார். மாடு, வண்டி, ராஜா எல்லாம் எருமைக் குட்டைக்குள்.

"யாரோ பாதையை நகர்த்திவிட்டார்கள்!" என்று அலறினார் ஏகம்பன்.

"பாதையையா?" என்றார் ராஜா, மீசையிலிருந்து பாசியை எடுத்துக்கொண்டே.

அடுத்து வடிவாச்சி. பெட்டியைத் தொடுவதற்கு முன் சக்கரத்தைக் கயிற்றால் அளந்தாள். "இது உப்பு வண்டிச் சக்கரத்தைவிடப் பெரிது. ஒரு சுற்றுக்கே அதிக தூரம் போய்விடும், மணி பிந்தி அடிக்கும்" என்று முடிச்சுகளை அவிழ்த்து நெருக்கிக் கட்டினாள்.

"பாருங்கள், பெட்டியையே மாற்றுகிறாள்!" என்று கத்தினார் ஏகம்பன்.

"எதை மாற்ற வேண்டும் என்று செய்தவருக்குத்தானே தெரியும்?" என்றார் கூத்தரசர்.

கண்ணைக் கட்டிக்கொண்டு வடிவாச்சி ஓட்டினாள். பிரிவுக்கு நேரே மணி அடித்தது. வண்டி கோவில் வாசலில் போய் நின்றது.

"பெட்டியைத் திருடியது நான்தான் என்று சந்தை சந்தையாக நீரே பறையடித்துச் சொல்லும்" என்று ஏகம்பனுக்கு உத்தரவானது. "செப்பேடு உனக்கு அம்மா. முப்பது வருஷம்."

"பத்துப் போதும் ராஜா. சொந்த வண்டிக்குச் செய்துகொள்கிறவர்களைத் தடுக்க வேண்டாம்."

ராஜாவின் கண் சுருங்கியது. "ஏன்? இதில் என்ன சூழ்ச்சி?"

"சூழ்ச்சி இல்லை. பொட்டலில் இன்னொருத்தர் சாக வேண்டாம்."

ராஜா வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு செப்பேட்டுக்காக எழுதிய ஓலையைப் படிக்காமலேயே முத்திரை வைத்தார். அரண்மனையில் அப்படி நடந்ததே இல்லை. கூத்தரசர்தான் சந்தேகப்பட்டு அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார்.