சுயம்புக்கனி என்றொரு ஜெட் போட்டு

தூத்துக்குடியில் வைகுண்டமணி அண்ணாச்சியைத் தெரியாத கொத்தனார் கிடையாது. நாற்பது வருஷம் ஹார்டுவேர் கடை நடத்தியவர். அறுபது வயதில் கடைச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டு, ஆசைக்கென்று ஒரு ஜெட் போட்டு வாங்கினார். மற்ற போட்டு மாதிரி அதற்குப் பின்னால் விசிறி கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சும், அந்த உதையில் பறக்கும். பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் மனைவி பேரை எழுதினார்: சுயம்புக்கனி. எழுதி முடித்த பிறகுதான் அந்த அம்மாளுக்கே விஷயம் தெரியும்.

முதல் நாளே மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். மெதுவாகப் போயிருக்கலாம். மனுஷன் வேகக் கைப்பிடியை முழுக்கத் தள்ளிவிட்டார். சேலை தொப்பலாக நனைந்தது, மூக்குக்கண்ணாடி கடலுக்குப் போனது. இறங்கும்போது அந்த அம்மாள் சத்தமே போடவில்லை. இனி இதில் கால் வைக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதோடு மூன்று மாதம் ஓடிவிட்டது.

அண்ணாச்சிக்குப் போட்டு ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் டெல்பின். மீனவர் வீட்டுப் பெண், வயது முப்பத்திநாலு. அண்ணாச்சிக்கு மகள் மாதிரி இருப்பாள். ஆனாலும் அவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அவளும் வயதைப் பார்த்துத் திட்டாமல் விட்டதில்லை.

ஒருநாள் காலையில் அண்ணாச்சி வாடிய முகத்தோடு வந்தார்.

"டீச்சர், வளைக்கத் தெரியுது, நிறுத்தத் தெரியுது. அவ மட்டும் ஏற மாட்டேங்கா. பக்கத்து சீட்டு காலியாக் கெடக்கதப் பாக்க முடியல. வித்துரலாம்னு இருக்கேன்."

அந்த அம்மாள் ஏன் ஏறவில்லை என்று டெல்பினுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அம்மாள் பிளாஸ்க்கில் சர்க்கரை போடாத டீயும் மாத்திரையும் கொண்டுவருவாள். கொண்டுவராவிட்டால் இவர் மறந்துவிடுவார். படகுத்துறை ஓரத்தில் அதை வைப்பாள். அவள் தலை தெரிந்ததுமே இவர் எஞ்சினைக் கிளப்பிவிடுவார், தயாராக இருக்கட்டுமே என்று. ஜெட் போட்டு எஞ்சின் ஓடினால் ஓர் இடத்தில் நிற்காது, மூக்கை அங்கேயும் இங்கேயும் ஆட்டிக்கொண்டே கிடக்கும். அந்த உறுமலுக்கு மேலே, வா கனி, மெதுவாத்தான் போவேன் என்று கத்துவார். அவள் நடையைக் கூட்டுவாள்.

டெல்பின் உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்துக்கொண்டு போட்டில் ஏறினாள். கரையை விட்டுத் தள்ளி வந்ததும் அதைக் கடலில் வீசினாள்.

"எடுங்க அண்ணாச்சி. போட்டு அதுல இடிக்கக் கூடாது. கையால எடுக்கணும்."

இதென்ன பிரமாதம் என்று அண்ணாச்சி நேராக விட்டார். போட்டு கிளப்பிய அலையிலேயே தேங்காய் தள்ளிப்போனது. திருப்பிக்கொண்டு வந்தார், இன்னும் தள்ளிப்போனது. மூன்றாவது தடவை இடித்தே விட்டார். தேங்காய் முங்கி வேறொரு பக்கம் எழுந்து அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அரைமணி நேரம் இதே கூத்துதான். சட்டையெல்லாம் வேர்வை. இதுக்கும் எம்மேல என்ன கோவம் என்று முனங்கினார்.

டெல்பின் அவரை நகரச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தேங்காயைச் சுற்றி அகலமாக வளைத்துக்கொண்டு, காற்று வருகிற பக்கமாகப் போய் நிறுத்தினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது.

"இப்ப என்ன செய்ய?"

"சும்மா இருங்க."

சும்மா இருப்பது அண்ணாச்சிக்குப் பழக்கமில்லை. கைப்பிடியைத் தொட்டார், எட்டிப்பார்த்தார், ஒரு துடுப்பு இருந்தால் நல்லது என்றார். டெல்பின் காதிலேயே வாங்கவில்லை. காற்று போட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியது. தேங்காய் பாதிக்குமேல் தண்ணீருக்குள் கிடந்ததால் அதைக் காற்று அவ்வளவாக அசைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போட்டின் பக்கவாட்டில் டொக்கென்று மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி குனிந்து கையை நீட்டி எடுத்துக்கொண்டார். கரைக்கு வந்து சேரும்வரை தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தார். வா கனி என்று கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி தலை தெரிந்ததும் அவர் கை தானாகச் சாவிக்குப் போனது. போன கையால் சாவியை உருவி, படகுத்துறையில் உட்கார்ந்திருந்த டெல்பினிடம் கொடுத்துவிட்டார். போட்டு கயிற்றில் சும்மா கிடந்தது. அவர் மனைவியைக் கூப்பிடவில்லை. அவள் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நாலு எட்டு போனவள் திரும்பி வந்தாள்.

"என்ன, ரிப்பேரா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா கெடக்கு."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பேரில் 'ம்பு' கோணலாக இருக்கிறது என்றாள். அன்றைக்கும் போய்விட்டாள். அண்ணாச்சி இரண்டு வாய் டீ குடித்துவிட்டு, கோணலாமே என்று டெல்பினிடம் சொன்னார். மூன்று மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஐந்தாம் நாள் அந்த அம்மாள் வந்து படகுத்துறை ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள். ஆடுமா என்று கேட்டாள். கொஞ்சம் ஆடும் என்றார். மறைக்காமல் சொன்னாரே, அதுவே பெரிய விஷயம். அவள் உட்கார்ந்து ஒரு காலை இறக்கினாள், பிறகு அடுத்ததை. இவர் கையை நீட்டவில்லை. தானாகவே போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி முதலில் தான் குடித்தாள். மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

போட்டு தண்ணீரில் மெல்ல ஏறி இறங்கியது. அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் டெல்பின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இப்பக் கிளப்பலாமா?"

டெல்பின் சாவியை நீட்டினாள். அவரிடம் இல்லை, அவரைத் தாண்டி.

"ஏன் எங்கிட்ட கேக்கீங்க, அண்ணாச்சி? யாரு பேர எழுதினீங்களோ, அவங்ககிட்ட கேளுங்க."