ராஜா யார் என்று கேட்ட தூதர்

வேழமலைச் சாரலில் சாந்தூர் என்றொரு சின்ன நாடு இருந்ததாம். அதை ஆண்டவர் சித்திரவேலர் என்ற ராஜா. நல்லவர்தான். ஆனால் குள்ளமான உருவம், ஒடுங்கிய தோள், அரும்பு மீசை. கண்ணாடி முன் நின்றுவிட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசே சரியிருக்காது.

அந்த வருஷம் மழை இல்லை. மலையிலிருந்து இறங்கும் ஆறு சாந்தூர் அணையோடு நின்றுவிட்டது. கீழே இருந்த மேகவூரில் குடிக்கக்கூடத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் கேட்டு வெண்காடர் என்ற தூதர் வருவதாகச் சேதி வந்தது. பேச்சு முறிந்தால் பின்னாலேயே படை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ராஜாவின் கவலையோ வேறு. தூதர் தன் உருவத்தைப் பார்த்து என்ன நினைப்பாரோ என்று தவித்தார். நகைச்சாலை அதிகாரி பூவராகர் இதைக் கண்டுகொண்டார். மந்திரி சொக்கநம்பியின் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"பார்த்ததுமே தூதர் நடுங்கும்படி செய்துவிடுகிறேன், பிரபு" என்றார்.

வருகிறவர் தாகத்தோடு வருகிறார், தண்ணீரைப் பற்றி முதலில் யோசிப்போம் என்று மந்திரி சொல்லிப் பார்த்தார். உமக்குப் பொறாமை என்று ராஜா அவர் வாயை அடைத்துவிட்டார். தூதர் மயங்கிவிட்டால் மந்திரி பதவி பூவராகருக்கே என்றும் சொல்லிவிட்டார்.

அப்புறம் கேட்பானேன். தோளை அகலமாகக் காட்டப் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி, அதன்மேல் புஜத்தில் வாகுவளையம், காலில் வீரக்கழல், ஆட்டு மயிரில் ஒரு முறுக்கு மீசை. சாந்தூரின் சின்னம் நாரை. நாரைக்கு யார் பயப்படுவார்கள் என்று பூவராகர் சிங்கம் பொறித்த பதக்கம் செய்து ராஜாவின் மார்பில் தொங்கவிட்டார். சக்கரவர்த்திகளுக்கு உள்ளங்கையில் சங்கும் சக்கரமும் ரேகையாக ஓடுமாம். அதையும் செஞ்சாந்தால் வரைந்துவிட்டார்கள்.

தூதர் வந்தார். அரியணையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, பக்கத்தில் வெறும் வெள்ளை வேட்டியோடு நின்ற மந்திரியின் முன்னால் போய்க் குனிந்து வணங்கினார்.

சபை திகைத்துப்போனது. மந்திரி தூதரோடு சேர்ந்து சதி செய்திருக்கிறார் என்று பூவராகர் கத்தினார். மந்திரிக்கே ஒன்றும் புரியவில்லை. ராஜா அதோ இருக்கிறார் என்று பதறிப்போய்க் கை காட்டினார்.

தூதர் நம்பவில்லை. "ஆபத்துக்கு அஞ்சும் ராஜாக்கள் தங்கள் நகையை வேறொருவருக்குப் பூட்டி உட்காரவைப்பதைப் பல நாட்டில் பார்த்திருக்கிறேன். சாந்தூரின் சின்னம் நாரை. இவர் மார்பில் சிங்கம் இருக்கிறதே. உண்மையான ராஜா எங்கே?"

"நான்தான்" என்றார் சித்திரவேலர்.

"வேஷம் கட்டியவரும் அதைத்தானே சொல்வார்."

ராஜா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வியர்வையில் சாந்து கரைந்து, சங்கு கத்தரிக்காய் போல ஆகியிருந்தது. மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. வேறு எதைக் காட்டுவது என்று உடம்பெல்லாம் தடவினார். கையில் பட்டதெல்லாம் பூவராகர் செய்து கொடுத்தது. நான்தான் ராஜாவா என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொம்மையோடு பேச என்னை அனுப்பவில்லை என்று தூதர் வாசலை நோக்கித் திரும்பினார்.

ராஜா யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று மந்திரி அவர் காதில் சொல்லித் தடுத்து நிறுத்தினார். அங்கி, நகை அத்தனையையும் கழற்றிப் பூவராகருக்குப் பூட்டும்படி ராஜாவிடம் சொன்னார். போகிற தூதரை நிறுத்த வேறு வழி தெரியாமல் ராஜா சம்மதித்தார். பூவராகர் உள்ளூர மகிழ்ந்து அரியணையில் உட்கார்ந்தார். ராஜா வெறும் வேட்டியோடு கூட்டத்தில் போய் நின்றார்.

"இப்போது உங்கள் கோரிக்கையைச் சொல்லுங்கள்" என்றார் மந்திரி.

அணையின் மதகுகள் அத்தனையையும் திறந்துவிட வேண்டும் என்றார் தூதர். அவரைக் குளிரவைத்தால் போதும் என்று பூவராகர் யோசிக்காமல் தலையாட்டினார். "அப்படியே ஆகட்டும். முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள்."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சித்திரவேலர் முன்னால் வந்தார். "முழுவதும் கூடாது. என் ஜனங்கள் நட்ட நாற்றெல்லாம் கருகிப்போகும். உங்கள் ஊரும் சாகக் கூடாது, பாதி தருகிறேன். அதற்குமேல் வேண்டுமென்றால் படையோடு வாருங்கள். மதகின்மேல் நான் நிற்பேன்."

வெண்காடர் அவர் முன்னால் ஆழமாகக் குனிந்தார். "பாதி போதும், அரசே. இந்தச் சபையில் தண்ணீருக்காக வயிறு எரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்."

பாதித் தண்ணீருக்கு அங்கேயே உடன்படிக்கை ஆயிற்று. அதே கோலத்தில் நடந்துபோய் மதகைத் திறக்கும்படி பூவராகருக்கு உத்தரவு. வெயிலில் பஞ்சு அங்கியோடு அவர் கழல் தடுக்கித் தடுக்கிப் போனபோது, கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டையும் செய்தார்கள்.

ராஜா மந்திரியை ஊரறியப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார். தனியாக இருந்தபோது மெல்லக் கேட்டார். "ஒருவேளை பூவராகர் என்னை முந்திக்கொண்டு, முழுவதும் தரமாட்டேன், பாதிதான் என்று சொல்லியிருந்தால்?"

"அப்போது தூதரோடு நானும் சேர்ந்து அவரைத்தான் வணங்கியிருப்பேன், அரசே" என்றார் சொக்கநம்பி.

கோபப்படுவதா சிரிப்பதா என்று ராஜாவுக்குப் புரியவில்லை. பிறகு, நாற்றைப் பார்க்க வயல் பக்கம் போய்வரலாமா என்று கேட்டார்.