வரித்தலை வாத்தும் இரண்டு கயிறுகளும்

அந்தக் காலத்தில், மலைகளுக்கு வாயும் பறவைகளுக்கு வாதாடும் வழக்கமும் இருந்தபோது, இமயத்துக்கு வடக்கே மானசரோவர் ஏரியில் வாத்துகள் வருஷம் முழுக்கக் குடியிருந்தன. பனிக்காலம் என்றால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அவ்வளவுதான் குளிர். ஏரி உறைந்துபோகும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த ஊர் வாத்து திருநெல்வேலித் தமிழ் பேசுமா என்று குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். அப்போது மொழிக்கு வேலி போட்டிருக்கவில்லை. யார் எதைப் பேசினாலும் கேட்டவர் காதில் அவரவர் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது. நம் காதில் இப்படி விழுந்திருக்கிறது.

அந்த ஏரியில் வெண்முடி என்று ஒரு வாத்து இருந்தாள். உச்சி முதல் பிடரி வரை ஒரு பொட்டுக் கறை இல்லாத வெள்ளைத் தலை. அதில் அவளுக்குக் கொள்ளை கர்வம். கர்வப்பட்டால்தான் என்ன? கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள். ஆனால் தலை அழுக்காகிவிடும் என்று அவள் கரைச் சேற்றில் அலகு வைக்கவே மாட்டாள். குனிந்து புல் மேய்வதுகூட அவளுக்குக் கௌரவக் குறைச்சல். புருஷனைக் கழுகு கொண்டுபோன பிறகு அவளோடு கூட இருந்தது நாத்தனார் தவிட்டிதான். தவிட்டு நிறத்தில் குட்டையாக இருப்பாள், வாய் மட்டும் ஏரிக்கு மறுகரை வரை கேட்கும். அவள்தான் சேற்றில் முங்கிப் புல்லும் கிழங்கும் பிடுங்கிவந்து மதினிக்குப் போடுவாள்.

"தலய மட்டும் தூக்கி வச்சிக்கிட்டு இரு மதினி. உன் வயித்த என் தலையில கெட்டிட்டாங்க."

"ஏட்டி, புடிக்கலன்னா கொண்டாராத."

"கொண்டாராட்டா நீ பட்டினியா கெடப்ப. ஊரு என்னத்தான பேசும்."

இப்படி நாளுக்கு நாலு சண்டை. அதில்லாமல் இருவருக்கும் பொழுது போகாது.

ஒரு வருஷம் வழக்கத்துக்கு மாறாகக் குளிர் வந்தது. கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இறுகியது. வெண்முடிக்குப் பிடித்த கிழங்கு ஒரு பாறை இடுக்கில் இருந்தது. அதைப் பிடுங்கத் தவிட்டி தலையை நுழைத்த நேரம், மேலே தொங்கிய பனிப்பாளம் ஒன்று பெயர்ந்து அவள் வலது சிறகின்மேல் விழுந்தது. சிறகு எலும்பு படக்கென்று முறிந்துவிட்டது. வெண்முடி ஓடிவந்து பார்த்தபோது தவிட்டியின் அலகில் அந்தக் கிழங்கு அப்படியே இருந்தது.

நான்கு நாளில் ஏரி பாதி உறைந்தது. வாத்துக் கூட்டம் கூடிப் பேசியது. மூத்த வாத்து எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தது.

"மலைக்கு மேல போக முடியாது. இமயத்தோட தலைக்கு மேல இதுவரைக்கும் எந்தப் பறவையும் பறந்ததில்ல. கிழக்கே போவோம். பிரம்மபுத்திரா மலையை வளைச்சுக்கிட்டுத் தெற்கே திரும்புற எடம் வரைக்கும் போயி, அந்த வழியா எறங்குவோம். மூணு மாசம் ஆகும்."

"தவிட்டி?" என்று கேட்டாள் வெண்முடி.

மூத்த வாத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏரி முழுசும் உறைஞ்சிட்டா நரி பனிமேலேயே நடந்து வந்துரும். பறக்க முடியாதவள வச்சிக்கிட்டு நாம என்ன செய்ய?"

கூட்டம் மறுநாள் கிளம்பிவிட்டது. வெண்முடி கிளம்பவில்லை. தவிட்டி அவளைத் திட்டித் தீர்த்தாள்.

"போயேன் மதினி! நரிக்கு நான் ஒருத்தி போதாதா? உன் வெள்ளத் தலையையும் சேத்துக் குடுக்கணுமா?"

வெண்முடிக்கு அழுகை வந்தது. என் வாய்க்கு ருசியாக வேண்டும் என்றுதானே இவள் சிறகு போயிற்று என்று நினைத்து நினைத்து மருகினாள். அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. "சும்மா கெடட்டி" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் கைலாயமலை இருக்கிறது. நாலு சமயத்தாருக்கு அது புனிதமான மலை. சிவனைக் கும்பிடுகிறவர்களும், புத்தரைக் கும்பிடுகிறவர்களும், சமணர்களும் அதை வலமாகச் சுற்றுவார்கள். அந்த நாட்டின் பழைய சமயமான போன் வழியினர் மட்டும் இடமாகச் சுற்றுவார்கள். அவர்களுக்கு அதுதான் முறை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே பக்கமாகப் போகிறவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்ப்பார்கள். எதிரெதிராகச் சுற்றுகிறவர்களோ ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்துப் பார்த்தே சண்டை போட்டுக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி திருநெல்வேலிச் சீமையிலிருந்து நடந்தே வந்திருந்த ஆவுடையாள். மற்றவன் போன் வழியைச் சேர்ந்த ஷெராப். இருவரும் அந்த ஊர் வழக்கப்படி மூட்டையை முதுகில் வைத்து, அதன் கயிற்றைத் தலைக்கு மேல் போட்டுச் சுமப்பார்கள். யாக் என்கிற சடைமாட்டின் கறுப்பு முடியில் அவரவரே திரித்த கயிறு.

"ஏ தம்பி, இன்னைக்காவது நேர் வழியில வாயேன்" என்பாள் ஆவுடையாள்.

"நான் நேராத்தான் வாரேன். அக்காதான் எதிர்ல வாரீங்க" என்பான் ஷெராப்.

வெண்முடி இவர்கள் முன்னால் போய் நின்றாள். வாழ்க்கையில் யாரிடமும் ஒன்றும் கேட்டறியாதவள். தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். "மூணு மாசம் சொமக்க எனக்குப் பலமில்ல. மலைக்கு மேல நேரா போனா நாலஞ்சு நாள்ல தெக்க எறங்கிருவேன். அவள எப்படித் தூக்குறதுன்னுதான் தெரியல."

ஆவுடையாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எறங்கி எங்க போவ? எங்க ஊருக்குப் போ. எங்க குளத்துல மார்கழி மாசமும் தண்ணி தண்ணியாத்தான் கெடக்கும். நடுவுல கருவ மரம் நிக்கும். எங்க ஊரு ஆளுக வந்தவங்கள வெரட்டத் தெரியாதவங்க." சொல்லிக்கொண்டே தன் மூட்டைக் கயிற்றை அவிழ்த்தாள். மூட்டையை இனி இடுப்பில்தான் தூக்க வேண்டும்.

தோலில் ஒரு தொட்டில் கட்டித் தவிட்டியை அதில் உட்காரவைத்தார்கள். கயிற்றின் நடுவை வெண்முடியின் தலையில் போட வேண்டும். அவள் சட்டென்று பின்வாங்கினாள். அடுப்புப் புகை படிந்த கறுப்பு முடிக் கயிறு, பனியிலும் வியர்வையிலும் நனைந்தால் கரி இறங்கும். அவளுக்குத் தெரியும். ஒரு விநாடி அந்தத் தலை நிமிர்ந்தே நின்றது. பிறகு மெல்லக் குனிந்தது.

"மதினி!" என்றாள் தவிட்டி.

வெண்முடி எழும்பினாள். நாலு பனைமர உயரம் போயிருக்க மாட்டாள், பாரத்தில் கயிற்றின் முறுக்கு அவிழ ஆரம்பித்தது. தொட்டில் ராட்டினமாகச் சுழன்றது. "தல சுத்துது மதினி, எறக்கு, எறக்கு!" என்று தவிட்டி அலற, இருவரும் பனிக்குவியலில் போய் விழுந்தார்கள்.

ஷெராப் சிரித்துவிட்டான். ஆவுடையாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னடா சிரிப்பு?"

"அக்கா, உங்க கயிறு வலம்புரி. நீங்க சுத்துற பக்கமாவே திரிச்சிருக்கீங்க. பாரம் விழுந்தா அது எதிர்ப்பக்கம் அவுரும், தொட்டிலையும் சேத்துச் சுத்தும்."

"உன் கயிறு மட்டும் அவுராதோ?"

"அவுரும். என்னோடது இடம்புரி. அதனால மறுபக்கமா அவுரும்." சொல்லும்போதே அவன் நின்றுவிட்டான். ஆவுடையாளும் அவனைப் பார்த்தாள். வாத்து கேட்பதற்கு முன்னால் அவன் தன் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

ஒன்றை உச்சியிலும் மற்றதைப் பிடரியிலும் போட்டார்கள். வலம்புரி ஒரு பக்கம் திருப்பப் பார்த்தது, இடம்புரி மறுபக்கம் திருப்பப் பார்த்தது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, தொட்டில் அசையாமல் நின்றது. காலமெல்லாம் யார் வழி சரி என்று சண்டை போட்ட இரண்டு பேரும் குனிந்து அந்த இரண்டு முறுக்கையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்கள்.

"வெயில் ஏறினா மலையில காத்து எழும்பும். விடியக்காலம் மலை அடங்கிக் கெடக்கும், அப்பப் போ" என்றான் ஷெராப். "ஒரே மட்டத்துல உசரப் பறக்காத. சரிவு ஏறினா ஏறு, எறங்கினா எறங்கு. தரையோட ஒட்டிப் போ, மூச்சு மிஞ்சும்."

மறுநாள் விடியலில் அவள் கிளம்பினாள். ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். காற்று மெலிந்து நெஞ்சு பட்டறை ஊதுகிற துருத்தி மாதிரி அடித்தது. இரண்டு கயிறும் தலையை அழுத்திக் குனியவைத்தன. கண்ணுக்கு நேரே பனி தவிர ஒன்றும் தெரியவில்லை. கடைசிச் சிகரத்தின் உச்சியைத் தொடும்போது மலை கண் விழித்தது.

"யார் அது, என் தலைக்கு மேலே?"

அந்தக் குரலில் பக்கத்துச் சரிவில் பனி சரிந்தது. தவிட்டி தொட்டிலுக்குள் சுருண்டுகொண்டாள்.

"மானசரோவர் வெண்முடி" என்றாள் வெண்முடி. "நாத்தனாருக்கு ஒடம்பு சரியில்ல. தெக்க கூட்டிட்டுப் போறேன்."

"சுற்றிப் போகிற வழி தெரியாதா உனக்கு?"

"தெரியும். இவ உசுரு அவ்வளவு நாள் நிக்காது."

இமயம் அவளை உற்றுப் பார்த்தது. "உன்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சேற்றுக்குக்கூடக் குனியாதவள் என்றார்கள். என்னிடம் வந்ததும் தலை குனிந்துவிட்டதே. நல்லது. எல்லாரும் எனக்குக் குனிந்துதான் ஆக வேண்டும்."

வெண்முடிக்கு மூச்சு முட்டியது. இந்த நேரத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் வெண்முடி ஆயிற்றே.

"தப்பா நினைக்காதீங்க. இது உங்களுக்குக் குனிஞ்ச தல இல்ல. இவளுக்குக் குனிஞ்ச தல."

இதோ பனி பெயரப்போகிறது, இருவரையும் மூடப்போகிறது என்று வெண்முடி கண்ணை மூடிக்கொண்டாள். சிறகை மட்டும் நிறுத்தவில்லை.

"எனக்குப் பயந்து குனிந்தவர்களைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்" என்றது இமயம் கடைசியில். "இப்படி ஒருத்தி குனிந்து பார்த்ததில்லை. உன்னைவிட நான் உயரம் என்று இனிமேல் எந்த வாயால் சொல்வேன்? போ அம்மா. உன் குலத்தில் என்னைத் தாண்டுகிற தலைக்கெல்லாம் அந்தக் கயிற்றுத் தடம் ஏறட்டும். தாண்டாத தலைக்கு அது கிடையாது." சொல்லிவிட்டு, அவர்கள் கடக்கும் வரை அது மூச்சை அடக்கிக்கொண்டது. ஒரு துளிக் காற்று அசையவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஆவுடையாள் சொன்ன குளத்தில் அவர்கள் இறங்கினார்கள். தண்ணீர் தண்ணீராகத்தான் கிடந்தது. நடுவில் கருவ மரங்கள் நின்றன. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மாடத்தி முதலில் தொட்டிலைப் பார்த்தாள், ஓடிவந்து தவிட்டியைத் தூக்கி மடியில் வைத்துச் சிறகுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். பிறகு வெண்முடியின் தலையிலிருந்து கயிறுகளைக் கழற்றினாள். உச்சியில் ஒன்று, பிடரியில் ஒன்றாக இரண்டு கறுப்புக் கோடு.

"ஐயையே, பாலு மாதிரி தலையில இப்படிக் கரியா அப்பியிருக்கே! இருங்க, சீயக்கா கொண்டாரேன். ஒரு தேப்புத் தேச்சா போயிரும்."

"ஆமா மதினி, தேச்சுக்கோ" என்றாள் தவிட்டி, குரல் உடைந்து. "என்னால உன் தல இப்படி ஆச்சே."

வெண்முடி குளத்தில் தன் நிழலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள், மானசரோவரில் நிமிர்த்தியதைவிட ஒரு விரற்கடை அதிகமாகவே.

"வேண்டாம் தாயி. வெள்ள எனக்குப் பொறக்கும்போதே வந்தது. அதுல நான் பட்ட பாடு ஒண்ணுமில்ல. இது நான் பாடுபட்டு வாங்குனது. சீயக்காயக் கொண்டாராதீங்க."

மாசி பிறந்த பிறகுதான் மற்ற வாத்துகள் குளம் குளமாகத் தண்ணீர் தேடி, இளைத்துத் துரும்பாகி அங்கே வந்து சேர்ந்தன. மூத்த வாத்து அந்தக் கோடுகளைப் பார்த்தது, ஆறின சிறகோடு நீந்துகிற தவிட்டியையும் பார்த்தது. "அடுத்த வருஷம் உன் வழியில வரலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டது. வெண்முடி பதில் சொல்வதற்குள், "பறக்க முடியாதவங்க யாரையும் விட்டுட்டு வராட்டா வரலாம்!" என்று தவிட்டி குளம் அதிரக் கத்தினாள்.

அன்று முதல்தான் அந்த வாத்துகள், கோடைக்கு ஏரிக்குத் திரும்பினாலும் பனிக்காலம் வந்தால், மற்றப் பறவைகள் பலவும் சுற்றிப் போகிற இமயத்துக்கு மேலேயே பறந்து நம் குளங்களுக்கு வருகின்றன; அன்று முதல்தான், மலைக்கு அப்பால் பொரிக்கிற குஞ்சுக்கு ஒரு கோடும் இல்லாமல், இமயத்தைத் தாண்டி வளர்ந்த வாத்தின் தலையில் மட்டும் அந்த இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கின்றன.